அரைப்பானை இருட்டு

"எடுன்னு சொல்றேன்ல, அதை முதல்ல…"

"எடுக்க மாட்டேன். நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க, தோசை ஆறுது."

"தோசை கிடக்கட்டும். மண்பானையை இந்த வீட்டுக்குள்ள யாரு கொண்டுவரச் சொன்னா?"

"பாதிப் பானைதான். முழுப் பானையா இருந்தா நீங்க இவ்வளவு பேசலாம்."

அலுவலகப் பணிமுகாமில் நான்கு நாள் இருந்துவிட்டு, காலையில்தான் தணிகைவேல் வீடு திரும்பியிருந்தான். பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே போய்த் தொட்டியருகே குனிந்து பார்த்தான். ஒரு முழ நீளக் கண்ணாடித் தொட்டி. தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணும் கலந்து நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பியிருந்தது. மூலையில் ஓர் அரைப்பானை, கவிழ்த்துப் பாதி புதைத்தது. அதற்குள் எலுமிச்சம்பழம் அளவில் கடுகு என்ற நட்சத்திர ஆமைக்குஞ்சு இருக்கிறது என்று அவன் மனைவி செவ்வந்தி சொன்னாள். பார்த்தால் தெரியவில்லை. சண்டையே அதற்குத்தான்.

ஏனென்றால் அந்த வீட்டில் பார்த்தால் தெரியாதது வேறெதுவும் கிடையாது. திண்டிவனம் புதுநகரின் மற்ற வீடுகளைப் போல அதற்கும் நாற்புறமும் தெளிசுவர். பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்ப்பது இங்கே தெரிந்தது. இவர்கள் சண்டை போடுவது அவருக்குத் தெரிந்தது. உச்சியில் கூரைக்கண். பதிவான உயிர் எதுவாக இருந்தாலும் அதன் பார்வையை விட்டு விலகக்கூடாது. மூன்று எச்சரிக்கை வந்தால் வீடு போய்விடும். குண்டுகள் வெடித்த வருஷத்தில் மக்களே கை தூக்கிக் கேட்டு வாங்கிய சட்டம் அது.

"அதான் கண்ணாடிக் கிண்ணம் வாங்கிக் கவுத்து வச்சேனே. அதுவும் கூரைதானே?"

"மழைக்கா ஒதுங்குது அது? ஒளிஞ்சுக்க இடம் தேடுதுங்க. நீங்க வச்ச கிண்ணத்துக்குள்ள போய் முட்டி முட்டி மூக்கு புண்ணாப் போச்சு. பதினோரு நாள் ஒரு இலையைத் தொடலை. ஆமைக் காப்பகத்தை மூடறப்ப பன்னிரண்டு வீட்டுக்கு ஒண்ணொண்ணாக் கொடுத்தாங்களே, இப்ப எத்தனை மிச்சம் தெரியுமா? நம்ம கடுகோட சேர்த்து மூணு. மத்தவங்களும் கண்ணாடிக் கிண்ணம்தான் வச்சாங்க."

தணிகைவேல் பையை இறக்கி வைத்தான்.

"நாம மட்டும் போர்வைக்குள்ள படுக்கலையா?" என்றாள் அவள்.

"நம்ம உடம்புச் சூடு போர்வையைத் தாண்டி சென்சாருக்குத் தெரியும். இதுக்குத் தனிச் சூடு கிடையாது செவ்வந்தி. மண்ணுக்கு எந்தச் சூடோ இதுக்கும் அதே சூடு. பானைக்குள்ள போயிட்டா கூரைக்கண்ணுக்கு இது மண்ணுதான்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அலாரம் அடிக்கும்போது இதையே சொல்லு."

"அடிக்கலையே."

"அடிக்கும்."

"நாலு நாளா அடிக்கலைங்க. நீங்க முகாமுக்குப் போன அன்னிக்குக் காலையில வச்சது. விளக்கு போட்டா வெளியே வரும், கொஞ்ச நேரம் காயும், திரும்ப உள்ளே போயிடும். நேத்து செம்பருத்தி இலை ஒண்ணை முழுசாத் தின்னுச்சு. நடுநரம்பை மட்டும் வச்சுட்டுப் போயிருக்கு, துரைக்கு அது பிடிக்காது போல." சொல்லும்போதே அவள் குரல் இளகிவிட்டது. "எடை போட்டேன். மூணு கிராம் ஏறியிருக்கு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு நாளும் உள்ளே போச்சா?"

"தினமும்."

தணிகைவேலுக்கு வேலை கூரைக்கண் அலுவலகத்தில், மறுபார்வைப் பிரிவில். ஓர் உயிரைக் காணவில்லை என்றால் கூரைக்கண் உடனே அலாரம் அடிப்பதில்லை. முதலில் அந்தப் படம் ஒரு மனிதரிடம் போகும். எண்ணிட்ட ஓர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அவர் 'கண்டேன்' அல்லது 'காணோம்' என்று அழுத்த வேண்டும். 'கண்டேன்' என்றால் மறுநாள் வரைக்கும் அந்த உயிரைப் பற்றிக் கேள்வி எழாது. அப்படி அழுத்துகிறவர்களைக் கண்காணிப்பது தணிகைவேலின் வேலை.

"யாரோ நமக்காக அழுத்தியிருக்காங்க," என்றான்.

"என்னது?"

"வெறும் பானையைப் பார்த்துட்டு, 'கண்டேன்'னு."

செவ்வந்தி கூரையைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் அதை நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அவங்களுக்கு ஆமையைப் பத்தித் தெரிஞ்சிருக்கும்," என்றாள் மெதுவாக. "இல்லைன்னா மூக்கு புண்ணானதைப் பார்த்திருப்பாங்க. அவங்களுக்கு நாம எப்படிங்க நன்றி சொல்றது?"

"நேத்து முகாம்ல ஒருத்தரை எழுதிக் கொடுத்தேன்."

"எழுதிக் கொடுத்தேன்னா?"

"அறுபத்தேழாம் இருக்கை. வெத்துப் படத்துக்கு 'கண்டேன்'னு அழுத்தியிருந்தாங்க. எங்க பிரிவுக்குப் படம் வராது, எந்த வீடுன்னும் வராது. இருக்கை எண்ணும் எத்தனை தடவைங்கறதும் மட்டும்தான் வரும்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"அவங்களை என்ன பண்ணுவாங்க?"

"சாயங்காலமே கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொய்ப்பார்வைக்குப் பதினெட்டு மாசம். வேற வீட்டு விஷயமாவும் இருக்கலாம் செவ்வந்தி. எத்தனையோ வீடு இருக்கு…"

அவன் முடிப்பதற்குள் கூரையிலிருந்து இனிமையான ஒரு குரல் வந்தது. "உயிர் எண் மூன்று காட்சியில் இல்லை. முதல் எச்சரிக்கை. தொண்ணூறு விநாடிகளுக்குள் காட்டவும்."

இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குரல் எழுபது என்றது, ஐம்பது என்றது. பக்கத்து வீட்டுக்காரர் வாய் நிறைய நுரையோடு திரும்பிப் பார்த்தார். முப்பது என்றபோது செவ்வந்தி தொட்டியருகே மண்டியிட்டு அரைப்பானையைத் தூக்கினாள்.

வெளிச்சம் பட்டதும் கடுகு தலையை இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல நீட்டி, கண்ணாடிச் சுவரை நோக்கி நடந்து, ஆறத் தொடங்கியிருந்த மூக்கை மறுபடி அதில் தேய்க்க ஆரம்பித்தது. குரல் நன்றி சொல்லி நின்றது.

அவள் பானையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அறுபத்தேழு… அவங்க பேராவது தெரியுமாங்க உங்களுக்கு?"