உறுதிசெய்யப்பட்ட வலி

பிரசவ மருத்துவமனையின் மூன்றாம் தளத்துக் கூடத்தில் ஆறு ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எந்த நோயும் இல்லை. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சாம்பல் நிறப் பட்டை ஒன்று இருந்தது. அதன் ஜோடி உள்ளே, அவரவர் மனைவியின் கையில். அவள் நரம்பில் எழும் வலியை ஒரு பட்டை படித்து அனுப்பும். மற்றது அதை அப்படியே அவன் நரம்பில் எழுப்பும். நோவிணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்த அந்த ஆற்றங்கரை நகரத்தில், பிரசவத்தில் இறக்கும் கறுப்பினப் பெண்கள் நெடுங்காலமாகவே மற்றவர்களைவிட அதிகம். வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால் நம்ப ஆளில்லை என்பது அதற்கு ஒரு காரணம். நம்ப வைப்பதற்காகவே நோவிணை பிறந்தது. கறுப்பின ஆண்கள் வரிசையில் நின்று அதைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவன் ஹோரஸ் டில்மன். மின்தூக்கி பழுதுபார்ப்பவன், ஆறடிக்கு மேல் உயரம். அவனுக்குத் தனிக் காரணம் ஒன்றும் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் அவன் அக்கா லொரெட்டா, குழந்தை பிறந்த மறுநாள் தலை பிளக்கிறது என்று அழுதபோது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். டாக்டரே ஒன்றுமில்லை என்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொன்னான். பொழுது விடிவதற்குள் அவள் போய்விட்டாள். நம்பாதவர்களோடு தானும் சேர்ந்து நின்றதை அவன் மனைவி வெர்னிஸிடம் மட்டுமே சொல்லியிருந்தான்.

பதினோரு மணிவாக்கில் வலி இடம் மாறியது. வலது விலாவுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. ஹோரஸ் எழுந்து மருத்துவரின் அறைக்குப் போனான். தன் உருவமும் குரலும் அந்த அறையில் எப்படிப்பட்ட பயத்தைக் கிளப்பும் என்பது அவனுக்குத் தெரியும். கத்தினால் டாக்டருக்கு முன்னால் காவலாளி வந்து நிற்பான். அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"வலது விலாவுக்குக் கீழ, டாக்டர். உள்ள ஏதோ வீங்கி வெடிக்கப் போற மாதிரி இருக்கு."

மருத்துவர் அவன் பட்டையில் ஓடிய எண்களைப் பார்த்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். வெர்னிஸின் கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரத்தில் அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள்.

மூன்றாம் நாள் வெர்னிஸ் பேசினாள். அவன் கையைப் பிடித்தபடியேதான் பேசினாள், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"விலாவுக்குக் கீழ வீங்கற மாதிரி இருக்குன்னு வலி எறங்கினதுமே நானும் சொன்னேன், ஹோரஸ். வாயுன்னு மாத்திரை குடுத்தாங்க."

அவன் அதைக் கேட்டான். கேட்டும், அதன் முழு அர்த்தம் அப்போது அவனுக்குள் இறங்கவில்லை. பிழைத்துவிட்டாளே என்ற நிம்மதி பெரிதாக இருந்தது.

அடுத்த இரண்டு வருடத்தில் அவன் ஊர் ஊராகப் போனான். தேவாலயங்களிலும் பேருந்துப் பணிமனைகளிலும் ஆண்களைக் கூட்டிவைத்துப் பேசினான். நோவிணை கட்டிக்கொள்ளும் ஆண்கள் சேர்ந்த இணைவோர் மன்றம் வளர்ந்தது. சாவு எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. நோவிணையில் வலியின் அளவு பதிவானால் மருத்துவமனை உடனே கவனித்தே ஆகவேண்டும் என்று மன்றம் போராடி விதி ஒன்றை வாங்கியது. மனுவில் முதல் கையெழுத்து ஹோரஸுடையது. தனியாக வருகிறவள் என்ன செய்வாள் என்று அன்றைக்கே வெர்னிஸ் கேட்டாள். மன்றத்திலிருந்து ஆள் அனுப்புவோம் என்று அவன் சொன்னான்.

விதி வந்ததும் மருத்துவமனைகள் வலியை இரண்டாகப் பிரித்தன. பட்டை கட்டிய இணை ஒருவர் கூட இருந்தால் உறுதிசெய்யப்பட்ட வலி. இல்லாவிட்டால் வெறும் சொல்லப்பட்ட வலி. முதல் வகை உள்ளே போகும். இரண்டாவது காத்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல் மன்றத்துக்கு அழைப்பு வந்தது. ஜூனெல் பிராட்வாட்டர் என்ற பெண், ஏழு வாரக் கர்ப்பம், கூட யாருமில்லை. ஹோரஸ் வேலையைப் போட்டுவிட்டு ஓடினான். காத்திருப்புக் கூடத்தில் அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவன் தன் பெயரைச் சொல்லி, கட்டலாமா என்று அனுமதி கேட்டான். அவள் மணிக்கட்டை நீட்டினாள்.

பட்டை பூட்டிய கணத்தில் ஹோரஸ் முழங்காலில் விழுந்தான். அடிவயிற்றின் இடப்பக்கம் கிழிந்தது. தோள்பட்டை நுனியில் இன்னொரு வலி குத்தியது.

மருத்துவர் வந்துவிட்டார். அவர் குனிந்தது ஹோரஸின் பக்கம். எங்கே வலிக்கிறது என்று அவனைத்தான் கேட்டார்.

"அவங்களக் கேளுங்க" என்றான்.

ஜூனெல் சொன்னாள். இடப்பக்கம், தோளிலும், காலையிலிருந்து. மருத்துவர் கேட்டுக்கொண்டார். பிறகு மறுபடியும் ஹோரஸைப் பார்த்தார், சரிதானா என்பதுபோல. கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், உடனே அறுவை செய்யவேண்டும், இணை உறுதி தரவேண்டும் என்று செவிலி தொடுதிரைப் பலகையை நீட்டினாள். ஜூனெலிடம் அல்ல. அவனிடம்.

இவள் உடம்புக்கு நான் யார் என்று கேட்டு அதைத் திருப்பித் தள்ளத்தான் அவனுக்குத் தோன்றியது. தள்ளினால் நேரம் போகும். அவளுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பதை அவன் தன் வயிற்றிலேயே உணர்ந்துகொண்டிருந்தான். ஹோரஸ் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஜூனெல் அதைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் பிழைத்தாள். மறுநாள் மாலை ஹோரஸ் பார்க்கப் போனபோது பட்டையைக் கழற்றிக் கட்டிலின் ஓரத்தில் வைத்திருந்தாள். நன்றி சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்த்து வரவில்லை.

"எனக்கு வலிக்குதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"பட்டையக் கட்டினதும்."

"எனக்கு விடியக்காலம் அஞ்சரைக்கே தெரியும். அந்தக் கூடத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

ஹோரஸ் வெளியே வந்து செவிலியிடம் ஜூனெலின் பதிவைக் காட்டச் சொன்னான். திரையில் வலி தொடங்கிய நேரம் பன்னிரண்டு நாற்பது என்றிருந்தது. அவன் பட்டையைப் பூட்டிய நேரம். அதற்கு முந்தைய ஏழு மணி நேரத்துக்கு எதிரே ஒன்றுமில்லை.

இது தவறு, காலை ஐந்தரை என்று மாற்றுங்கள் என்றான்.

செவிலி நல்லவள். தயக்கமில்லாமல் திருத்தப் படிவத்தைத் திறந்தாள். ஜூனெல் சொன்ன நேரத்தை, ஜூனெலின் பெயருக்கு நேரே, தானே தட்டச்சு செய்தாள். அப்புறம் பலகையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இங்க நீங்க உறுதி பண்ணணும், மிஸ்டர் டில்மன். இல்லன்னா இது பதிவுல ஏறாது."