அடியில் ஒரு ருசி

சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அடுக்களையில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. பழம் பிழிய வேண்டும், பனிக்கட்டி உடைக்க வேண்டும், பாகு காய்ச்சி ஆறவைக்க வேண்டும், குலுக்குகிற குவளையை முன்கூட்டியே குளிர வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அவினாசிக்கு ஒரே வேலைதான். கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகளை வைத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார். நான் செய்கிற காக்டெயில் எனக்கு. தண்ணீர் விருந்தாளிகளுக்கு. கேட்கிறவர்கள் என்னை மகா கஞ்சப் பிசினாறி என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் விருந்தாளிகளைக் கேட்டுப் பாருங்கள். போன தீபாவளிக்குப் பச்சை நெல்லிக்காயில் ஒரு மார்கரிட்டா செய்தேன். கோப்பை விளிம்பில் வெறும் உப்புக்குப் பதிலாக உப்பும் மிளகாய்ப்பொடியும். மார்கரிட்டாவுக்கு எலுமிச்சைதான் என்று சட்டமா இருக்கிறது? அதற்கு முன்னால் மாங்காய் இஞ்சி போட்ட ஜின் சவர். இன்னமும் லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் அந்த நெல்லிக்காயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அத்தனை பேரும் குடித்தது தண்ணீரைத்தான்.

வெண்ணாக்குக் காய்ச்சல் வந்து போன பிறகு ஊரில் யாருக்கும் ருசி தெரியாது. நாக்கு இருக்கிறது, பேசுகிறது, புறணி பேசுவதில் ஒரு குறையும் இல்லை, ருசி மட்டும் செத்துவிட்டது. சத்துக்கட்டியை மென்று விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தப்பித்த நாக்குகள் கொஞ்சம். எங்களுக்குச் சுவையர் என்று பெயர். காதுக்குப் பின்னால் ருசித்தோடு என்று ஒன்றைப் பொருத்துவார்கள். அதிலிருந்து நரம்பிழை என்கிற உயிருள்ள நூல் உடம்புக்குள் வளரும். மருத்துவர் அதற்கு வழிகாட்டுவதில்லை. அவரைக்கொடி பந்தலைத் தேடிப் போகிற மாதிரி அதுவே நாக்கைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். அதன்பின் நான் தின்பதையும் குடிப்பதையும் எங்கள் அடுக்குமாடியான நொய்யல் மாடத்தில், ருசியை வாங்கிக்கொள்கிற வாங்குதோடு போட்ட அத்தனை குடும்பங்களும் ருசிக்கலாம். நான் இட்லி தின்னும்போது அவர்கள் சத்துக்கட்டியைக் கடிப்பார்கள். போதை மட்டும் தோட்டில் போகாது. ருசி அவர்களுக்கு, தலைவலி எனக்கு.

இந்தச் சனிக்கிழமை எனக்கு வேறு தலைவலி. எனக்கு ஐந்தாம் மாசம் நடக்கிறது. அவினாசியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்தால் வாழ்த்துவார்கள், வளையல் அடுக்குவார்கள், பிறகு பெயர் வைக்கிற அன்றைக்கே பிள்ளைக்குத் தோடு போட்டுவிடுவார்கள். சுவையர் வயிற்றுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ருசி இருக்கும், அதனால் அது மாடத்துக்குச் சேரும் என்பது விதி. நான் விவரம் தெரிந்த வயதில், இலவசமாக வீடு கிடைக்கிறதே என்று, சிரித்துக்கொண்டே தலையை நீட்டினேன். என் பிள்ளை எதைக் கேட்டுத் தலையை நீட்டும்? திங்கட்கிழமை காலையில் வால்பாறையிலிருந்து அவினாசியின் தங்கை வண்டி அனுப்புகிறாள். அங்கே மாடமும் இல்லை, மாடத்து விதியும் இல்லை. இந்தச் சனிக்கிழமையைத் தாண்டிவிட்டால் போதும்.

வயிற்றுப்புண் என்று சொல்லிக் கொஞ்ச நாளாகப் பானகத்திலும் மோரிலும் ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரமும் அதையே சொன்னால் துளசிமணி அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவள் மாடத்துச் செயலாளர் தங்கமுத்து அண்ணனின் சம்சாரம். ஆகவே சாராயம் ஒரு சொட்டுக்கூட இல்லாமல், சாராயம் இருக்கிற மாதிரியே ஒரு ஜின் சவர் செய்தாக வேண்டும்.

ஜின்னின் மணத்துக்கு ஜூனிப்பர் காயைத் தண்ணீரில் காய்ச்சினேன். தொண்டையில் இறங்கும்போது ஒரு எரிச்சல் வேண்டுமே, அதற்குச் சுக்கும் வெள்ளை மிளகும். நாக்கை வறட்டி இழுப்பதற்குக் கடுந்தேயிலைச் சாறு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கூர்மை கொடுக்கக் கொஞ்சம் காடி. தோட்டில் வீட்டளவு என்று ஒரு நிலை உண்டு, ருசி நம் வீட்டோடு நின்றுவிடும். அதில் வைத்துவிட்டு ஒரு மிடறு குடித்தேன். அவினாசி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"முகை, நீ என்னைய ஏமாத்தற. இதுல ஜின் இருக்குது."

"சத்தியமா இல்லீங்க."

"அட, என்ற தொண்டை எரியுதுங்கறேன்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன்.

எல்லாரும் வந்தார்கள். கூடம் நிறைந்து, உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் நின்றார்கள். தங்கமுத்து அண்ணன் நடு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர்க் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் பார்க்க என்ன இருக்கிறதோ! நான் அடுக்களை வாசலில் நின்று தோட்டைத் திருகி மாடத்தளவுக்கு வைத்தேன். என் கோப்பையை உயர்த்தினேன். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன, அத்தனை தொண்டைகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. பழகிப்போன காட்சிதான், ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நடுக்கம் வரும்.

"அடேங்கப்பா," என்றார் தங்கமுத்து அண்ணன். "ஜின்னுன்னா இதல்லவா ஜின்னு!"

என் வயிற்றிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது மிடறும் குடித்தேன். சுவரோரம் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவினாசி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"அம்மிணி," என்றாள் துளசிமணி அக்கா. "அடியில ஒண்ணு இருக்குதே, அது என்னது?"

"காடி ஊத்தியிருக்கறனுங்க்கா."

"காடி இல்ல. அதுக்கும் அடியில. இளஞ்சூடா, எளநீர்ல ஒரு கல்லு உப்புப் போட்ட மாதிரி."

எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நான் எதையும் சூடாகப் போடவும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவள் ஆமாம் என்றாள், அவளுக்குப் பின்னால் இருந்தவர் ஆமாம் என்றார். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்காமல் நின்றேன்.

"ஜின்னு போயிருச்சு," என்றார் தங்கமுத்து அண்ணன், கண்ணைத் திறக்காமலே. "இது மட்டும் இன்னும் வருது. விட்டு விட்டு வருது."

விட்டு விட்டு. யாரோ சின்னச் சின்னதாக விழுங்குகிற மாதிரி. அவினாசியைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவருக்கு அது தெரியக்கூட இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் உடம்பில் இருக்கிற நரம்பிழைக் கொடிக்கு வயிற்றுக்குள் இன்னொரு நாக்கு கிடைத்துவிட்டது.

துளசிமணி அக்கா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை மாசம், கண்ணு?"

என்னிடம் யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாற்காலி போட்டார்கள், காலுக்குத் தலையணை வைத்தார்கள். "இனி நீ ஒண்ணும் கலக்க வேண்டாம், ஒண்ணும் குடிக்க வேண்டாம், சும்மா உக்காந்திரு அம்மிணி, அது போதும்," என்றார் தங்கமுத்து அண்ணன். போகும்போது வாசலில் நின்று திரும்பினார். "திங்கக்கெழமை வண்டிக்கு கேட்ல அனுமதி கேட்டிருந்தீங்களே, வேண்டாம்னு சொல்லீட்டேன். இந்த நெலமையில மலையேறக் கூடாது பாரு." அத்தனை அன்பாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவினாசி தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். தோட்டைக் கழற்றிவிட்டால் கொடி வாடிவிடும். கொடி வாடினால் அது பற்றிக்கொண்ட நாக்கும் செத்துப்போகும், என்னுடையதும், பிள்ளையுடையதும்.

"செத்தா என்ன முகை? நாங்கெல்லாம் அப்படித்தான இருக்கறோம்? யாரும் தேடி வர மாட்டாங்க."

"நீங்க ருசியோட இருந்ததே உங்களுக்கு மறந்து போச்சுங்க. எனக்கு அது என்னன்னு தெரியும். பொறக்கறதுக்கு முன்னாலயே அதைப் புடுங்கறதுக்கு எனக்குக் கை வராது."

எனக்கு மனசே ஆறவில்லை. அவருக்கு அந்த ருசி தெரிந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, எட்டாம் மாடியில் முகம்கூடத் தெரியாத எவனுக்கோ தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என்னுடையது அனுப்புகிற தோடு, வாங்குகிற தோடு இல்லை. என் பிள்ளையின் ருசியைத் தெரியாத ஒரே ஆள் இந்த மாடத்தில் நான்தான். பெற்றவளுக்கு இப்படி ஒரு விதி!

சரி, வருகிறவர்களை வரவிடாமல் செய்வது எப்படி என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த தொழில் கலப்பதுதான். நான் தின்பது சிறிது நேரத்தில் பிள்ளை மிதக்கிற தண்ணீரிலும் இறங்கிவிடும். பிள்ளை அதைத்தான் விழுங்கும். நாரத்தங்காய்த் தோலை உட்புற வெள்ளைச் சதையோடு சேர்த்துக் கொதிக்கவைத்தேன். வேப்பம்பூவை வறுத்துப் போட்டேன். வடித்து, குலுக்கி, மத்தியானத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். என் ஆயுளில் அவ்வளவு கசப்பான ஒன்றைக் கலந்ததில்லை. நாலு நாள் இப்படி வாய் கோணினால் ஒருவரும் இந்தப் படியை மிதிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை இல்லை, ஞாயிறு. ஆனாலும் சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். கோப்பையையும் தண்ணீரையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள், என் தோட்டையும் அவர்களே மாடத்தளவுக்குத் திருகிக்கொண்டார்கள். நான் நாற்காலியில் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தேன். முகங்களையே பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துளசிமணி அக்காவின் முகம் சுருங்கியது. சுவரோரம் ஒருவன் தூ என்று துப்பினான். வரிசையாக எல்லா முகமும் கோணியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். நல்லா வேணும், நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டேன்.

அவினாசி மட்டும் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"முகை. நின்னு போச்சு."

"என்னங்க நின்னு போச்சு?"

"ஒரு வாய் விழுங்குச்சு. அப்புறம் இன்னொரு வாய், பாதி. இப்ப விழுங்க மாட்டேங்குது. ஒண்ணுமே வர மாட்டேங்குது."

துப்பியவர்களும் துப்பாமல் நின்றுவிட்டார்கள். தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எல்லாரும் ஒரே திசையில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது என் வயிற்றின் திசை. அத்தனை பேருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அந்த முகங்களில் தேடினேன்.

"வந்துச்சாங்க? அக்கா, உங்களுக்கு வந்துச்சா?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். அவளும் அழுதாள். யாரும் என்னைத் திட்டவில்லை.

எப்படி எழுந்தேன், எப்படி அடுக்களைக்கு ஓடினேன் என்று தெரியாது. கசப்பை அப்படியே தொட்டியில் கொட்டினேன். சீதாப்பழம் இருந்தது. கையாலேயே பிசைந்து கொட்டையை எடுத்துப் பாலில் போட்டு, ஏலக்காயைத் தட்டி, தேன் ஊற்றிக் குலுக்கினேன். அளவு பார்க்கவில்லை, வடிக்கவில்லை. நின்றபடியே குடித்தேன், இன்னும் கலந்து இன்னும் குடித்தேன், கன்னத்தில் வழிய வழியக் குடித்தேன்.

பிறகு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். காத்திருந்தோம். ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, யாரும் விளக்குப் போட எழவில்லை. ஏழுமலையானே, ஒரு வாய் விழுங்கட்டும், என்னை இங்கேயே கட்டிப் போட்டாலும் சரி, எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டேன்.

அவினாசி என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார்.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு கிளம்பியது. அத்தனை முகங்களிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரியான ஒரு சிரிப்பு, சின்னஞ்சிறு பிள்ளைகள் தூக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு. தங்கமுத்து அண்ணனுக்கும் அதே சிரிப்பு. என் வீட்டுக்காரருக்கும் அதே சிரிப்பு.

"குடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அவசர அவசரமாக் குடிக்குது அம்மிணி," என்றாள் துளசிமணி அக்கா, கண்ணை மூடிக்கொண்டே. "இன்னும் கேக்குது."

நான் கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து குடித்தேன்.