ஒருமுறை காட்டியாகிவிட்டது

கடலின் அத்தனை ஆழத்திலிருந்து பேச்சு மேலே கப்பலுக்குப் போய்ச் சேராது. வரையறுத்த வடிவில் எழுதிய குறுஞ்செய்திதான் ஒலித்துடிப்பாகப் போகும். மேலே இருக்கும் முறைசரிக் கருவி வடிவத்தைச் சோதித்து, சரியென்றால் திரையில் காட்டும். இல்லையென்றால் பிழை என்று அனுப்பியவனிடமே திருப்பிவிடும்.

தூத்துக்குடிக் கடலடியில், ஆழ்கூண்டுக்குள் தனியாக இருந்த செலஸ்டின் காற்றுமானியின் முள் இறங்குவதைப் பார்த்தான். மேலிருந்து வடத்தை இழுத்தால்தான் கூண்டு எழும்பும். "காற்றுத்தொட்டி: கசிவு" என்று அனுப்பினான்.

"வடிவம் சரி. முன்பே காட்டிய எச்சரிக்கை. மீண்டும் காட்டப்படாது."

அந்த விதியைப் போட்டவனே அவன்தான்.

கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்ப்பவள் அவன் மனைவி ஜெயசீலி. போன வாரம் அவள்தான் கெஞ்சினாள்: "இந்தச் சனியன் எச்சரிக்கை எச்சரிக்கைன்னு கத்திக்கிட்டே கெடக்கு. தலை வெடிக்குது, ஏதாவது பண்ணுங்களேன்."

"ஒரே சேதி ரெண்டாந்தடவ வராது, போதுமா?" என்று பெருமையடித்து, கசிவுச் செய்தியையே அனுப்பிக் காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே 'பார்த்தேன்' பொத்தானை அழுத்தினாள். அந்தச் சோதனைப் பதிவை அழிக்க மறந்தான், பாவி.

"மூச்சு முட்டுது சீலி" என்று தட்டினான். பிழை: அறியாத சொல். "காப்பாத்து." பிழை. "இழு, இழு." பிழை. பிறகு, "பிழை வரம்பு முடிந்தது. இனி நலச்செய்தி மட்டும் ஏற்கப்படும்."

மேலிருந்து அவளுடைய செய்தி வந்தது: "நலமா?"

'நலம்' என்ற ஒற்றைப் பொத்தான் ஒளிர்ந்தது. அவன் தொடவில்லை. பதில் போகாவிட்டால் 'பதிலில்லை' என்ற எச்சரிக்கை எழும், அவள் பதறி வடத்தை இழுப்பாள் என்று காத்திருந்தான். பிறகுதான் உறைத்தது. பதில் போடுவதில் அவன் மகா சோம்பேறி. அந்த எச்சரிக்கையை அவள் எப்போதோ பார்த்து முடித்திருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

மேலே திரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"பாத்தியளா அண்ணே, ஒரு சத்தம் உண்டா?" என்றாள் ஜெயசீலி, வட இயந்திரத்தின் அருகே உட்கார்ந்திருந்த மிக்கேலிடம். "எல்லாம் எங்க வீட்டுக்காரரு பண்ணுன வேல."

"நலமான்னு கேட்டியே, பதில் வந்துச்சா?"

"அவரு என்னைக்குப் பதில் போட்டாரு? ஏதாவதுன்னா இதுல காட்டும்லா. வரட்டும், இன்னைக்குச் சீலா மீன் கொழம்பு வைக்கேன்."