நாற்பத்தேழாவது வகுத்தல்

இன்னும் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஓர் எண்ணோடு மல்லுக்கு நின்ற ரெத்தினகனியின் கதையைச் சொல்கிறேன்.

கடல்மேல் மிதக்கும் மிதவூரில், பிறந்த பிள்ளையின் ரத்தத்தைப் படித்து ஒரு பெரிய எண் கொடுப்பார்கள். அது எதனாலும் வகுபடாத பகா எண் என்றால் அந்தப் பிள்ளையின் மனமும் பிளவுபடாது என்பது சட்டம். இருபத்தொரு வயதில் அந்த எண்ணைச் சாட்சிப்பொறியில் சோதிப்பார்கள்; பகா என்றால் கோபுரத்துக்கு நீதிபதியாக ஏறவேண்டும். கல்யாணம் கிடையாது, இறங்கி வரவும் முடியாது.

ரெத்தினகனியின் எண் 5,60,52,361. சாட்சிப்பொறி கண்ணிமைப்பதற்குள் 'பகா' என்றது. அவளுக்கும் இசக்கிதுரைக்கும் பரிசம் போட்டு ஒன்பதே நாள்.

அந்தப் பொறி காரணி தேடாது. இரண்டு, மூன்று என நூறு வரையுள்ள சிற்றெண்களைச் சாட்சிக்கு அழைத்து, ஒரு பெருக்கல் சோதனை வைக்கும். அத்தனையும் தேறினால் தீர்ப்பு எழுதிவிடும். வகுத்துப் பார்க்கும் வழக்கமே ஊரில் ஒழிந்துபோயிருந்தது. கருவாட்டுக் கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் பெண்களுக்கு மட்டும்தான் மீதி நிற்காமல் வரிசை பிரிக்கும் பழக்கம் இருந்தது.

அவர்களில் ஒருத்தியான ரெத்தினகனி, பெட்டி மூடிகளில் கரித்துண்டால் தன் எண்ணை வகுத்தாள். இரண்டால், மூன்றால், ஐந்தால்... இரண்டு நாள். நாற்பத்தேழாவது பகா எண்ணில் மீதி பூஜ்யம்; கை நின்றது. மூடியைத் தூக்கிக்கொண்டு கோபுரம் ஏறினாள்.

நாற்பது ஆண்டுகளாக அங்கே தனியறையில் இருந்த நீதிபதி கோமதியம்மாள் மூடியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பொறி பொய் சொல்லாதுட்டி."

"பொறி சொல்லலைம்மா. சாட்சிங்க சொல்லுது. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னா உண்மையாயிருமா? இருநூத்திப் பதினொண்ணை ரெண்டு லட்சத்து அறுபத்தஞ்சாயிரத்து அறுநூத்தி அம்பத்தொண்ணால பெருக்கச் சொல்லுங்க, அதே பொறிகிட்ட."

பொறி பெருக்கியது: 5,60,52,361.

கோமதியம்மாள் கேட்டார்: "யாருட்டி உனக்கு வகுக்கச் சொல்லித் தந்தது?"

"நெத்திலிக் கருவாடும்மா."

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இறங்கிப் போ. கல்யாணத்தைப் பாரு."

"நான் மட்டும் இறங்க வரலை. உங்க எண் என்ன?"

"அதை எதுக்குட்டி இப்ப..." என்றவர் மெல்லச் சொன்னார்: "பதினேழு கோடியே இருபத்தொன்பது லட்சத்து நாற்பத்தேழாயிரத்து ஐநூத்தி இருபத்தொன்பது."

ரெத்தினகனி தரையிலேயே உட்கார்ந்து வகுத்தாள். அறுபத்துமூன்றாவது வகுத்தல், முந்நூற்றேழால். மீதி பூஜ்யம்.

"அறுபத்தொரு வயசுல இதை வச்சு நான் என்ன செய்யட்டும்?" என்றார் கோமதியம்மாள். எழுந்தார். "அந்தக் கரியை இப்படிக் கொடு. அடுத்த அறையில இருபத்தாறு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். அவன் எண்ணையும் வகுத்துப் பார்ப்போம்."

கதவை அவர் தட்டவில்லை, தள்ளித் திறந்தார்.

உங்கள் வீட்டில் எதைப் பங்கு வைத்தாலும் எல்லாருக்கும் எட்டட்டும், மனத்தாங்கல் மட்டும் மீதி நிற்காதிருக்கட்டும். நல்லா இருங்க, கண்ணுகளா.