மலைமின்கலம்

மலையின் மின்சாரத்தில் வெந்த சோற்றுக்குத் தனி ருசி என்று மஞ்சக்கல் தேயிலை எஸ்டேட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அது பொய்யென்று யோகராணிக்குத் தெரியும். ஆனாலும் கேட்கும்போது கழுத்து தானாக நிமிரும்.

மலைமின்கலம் அவள் கண்டுபிடிப்பு. மலைக்குள் செம்பும் துத்தநாகமும் இரும்பும் கந்தகத்தோடு கலந்து ஒரு பெரிய தாதுப் படிவமாகக் கிடந்தன. படிவத்தின் தலையைக் காற்றும் ஈரமும் தொட்டன, அடியைத் தொடவில்லை. அதனால் அது தானாகவே ஒரு பேட்டரியாக இருந்தது. அந்த மெல்லிய மின்னோட்டத்தைப் பலமடங்காக்கி வீடுகளுக்குக் கொண்டுவந்தாள். தாதுமணிகளுக்குள் தங்கமும் பூட்டிக் கிடந்தது. அதைத் தேடிச் சுரங்கம் வெட்ட வந்தவர்களை ஊரே மறித்துத் திருப்பியனுப்பியது. "எங்க மலைய ஒரு கடப்பாரையும் தொடாது" என்று அன்று மேடையில் முழங்கியவள் அவள்தான்.

ஒருநாள் காலை, கொழுந்து பறிக்கும் தெய்வானை ஈரப் பாத்திரத்தோடு வந்தாள்.

"ராணி புள்ள, ஓடையில கழுவினேன், அடியில மின்னுது. நகை எதையும் தொலைச்சிட்டியா?"

"எங்கிட்ட ஏதுக்கா நகை?"

யோகராணி உருப்பெருக்கியில் பார்த்தாள். தங்கம். முதலில் வந்தது பயமல்ல, 'என் மலை' என்ற கர்வம். ஓடைக்குப் போய், துரு பூசியதுபோல் சிவந்திருந்த கற்களைக் கண்டபிறகுதான் பயம் வந்தது.

"நாம வெட்டலக்கா, கரைச்சிட்டிருக்கோம். கரண்டு இழுக்க இழுக்க உள்ள தாது துருப்பிடிக்குது. அது உடைஞ்சுதான் தங்கம் வெளிய வருது. தண்ணி விஷமாயிரும், மலை உள்ளுக்குள்ள பொக்காயிரும். இன்னைக்கே நிறுத்தணும்."

தெய்வானை பாத்திரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "அப்ப, ஜாஸ்தி இழுத்தா ஜாஸ்தி வருமா?"

"அக்கா!"

"சும்மா கேட்டேன் புள்ள. நீ மேல போ. நான் லயத்து வீடுகள்ல சொல்லிடறேன்."

மின்கூடத்துக்கு ஏறி, பிரதான சுவிட்சில் கை வைத்தபடி யோகராணி கீழே பார்த்தாள். நல்ல வெயில். அந்த வெயிலில் லயம் லயமாக விளக்குகள் எரியத் தொடங்கின. அடுப்புகள், வெந்நீர்க் கொதிகலன்கள், கோயில் திருவிழாச் சரவிளக்குகள்கூட. அளவுமானியின் முள் அவள் ஒருபோதும் கண்டிராத உயரத்துக்குப் போனது.

இத்தனை பாரத்தை மின்கலம் தாங்காது என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அது தாங்கியது. ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது, கண்கள் நிறைந்தன. சுவிட்சிலிருந்து கை எப்போது இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.