பதினோரு மணிச் சத்துப்பொடி

போன் அடித்தது.

காலை பதினொன்றே கால். மெஹராஜ் கஸ்தூரி மஞ்சள் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டியபடியே எடுத்தாள்.

"சத்துப்பொடி விக்கற மெஹராஜ் நீங்கதானுங்களா?"

ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கம்மியிருந்தது.

"ஆமாங்க. சொல்லுங்க."

"நான் பல்லடம் கோழிப்பண்ணை பாலுசாமியோட பையன் அருண்குமார். எங்கப்பா செத்துப்போயிட்டாருங்க."

"ஐயோ... என்னாச்சுங்க?"

"உங்க பொடியைப் பால்ல கலக்கிக் குடிச்சாரு. பத்தே நிமிஷம். வாயில நுரை தள்ளிருச்சு."

மெஹராஜின் கையிலிருந்த லேபிள் தரையில் விழுந்தது.

"இருக்காதுங்க... ஆறு வருஷமா நானே வறுத்து, நானே அரைச்சு..."

"போலீஸ் வரும். நான் இன்னும் உங்க பேரைச் சொல்லல. உங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. ஒரு மணி நேரம் டைம் தர்றேன். கடையில இருக்கற அத்தனை டப்பாவையும் எரிச்சுப்போட்டு எங்கியாச்சும் போயிருங்க."

வைத்துவிட்டான்.

பீளமேட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது மெஹராஜின் கடை. ஒரு பக்கம் சோப்பு, தைலம், பொடி. மறு பக்கம் உடம்பையும் மனசையும் பேணுவது பற்றிய புத்தகங்கள். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் மதிய இடைவேளையில் வந்து சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு திரும்புவார்கள். கணவர் இறந்த பிறகு அவளும் மகள் ரம்ஷாவும் நிமிர்ந்து நின்றது இந்தக் கடையால்தான்.

இப்போது அவளால் நிற்க முடியவில்லை.

எங்கே தப்பு நடந்தது? அமுக்கரா வேர் வாங்கிய இடத்திலா? அரைத்த மிஷினிலா? வேறு வேர் ஏதாவது கலந்துவிட்டதா?

கடைசியாக அரைத்ததில் இருபத்து மூன்று டப்பா மிச்சம். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். பழைய பெயிண்ட் டின்னில் கொட்டினாள். தீக்குச்சியை உரசினாள்.

உரசிய கை அப்படியே நின்றது.

ரம்ஷா!

இதே பொடியைத்தான் காலையில் மகளுக்கும் கலக்கிக் கொடுத்திருந்தாள்.

தீக்குச்சி விரலைச் சுட்டது. உதறிவிட்டுப் போனை அழுத்தினாள். ஒரு ரிங்... இரண்டு... ஐந்து...

"என்னம்மா? கிளாஸ் நடந்துட்டு இருக்கு."

"வயிறு எப்படி இருக்கு? தலை சுத்துதா?"

"பசிக்குது. வேற ஒண்ணும் இல்ல. ஏம்மா குரல் நடுங்குது?"

மெஹராஜ் போனை வைத்தாள். பெயிண்ட் டின்னையே பார்த்தாள். பொடியில் விஷம் என்றால் மகள் எப்படி நன்றாக இருக்கிறாள்? விஷம் இல்லை என்றால்... எரிக்கச் சொன்னது எதற்கு?

ஓடிப்போகலாம். ஓடினால் காலம் முழுக்க ஓட வேண்டும். செத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடித்தாலும் அடிப்பார்கள்.

ஸ்கூட்டியை எடுத்தாள்.

பல்லடம் போகும் வரை பின்னால் வந்த ஒவ்வொரு ஜீப்பும் போலீஸ் ஜீப்பாகவே தெரிந்தது. கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. ஊருக்குள் நுழைந்து, பாலுசாமி பண்ணைக்கு வழி கேட்டாள். டீக்கடைக்காரர் சாதாரணமாகக் கை காட்டினார். அவர் முகத்தில் துக்கம் எதுவும் இல்லை.

வீட்டு வாசலில் பந்தல் இல்லை. செருப்புகள் இல்லை. அழுகை இல்லை.

தூரத்துக் கொட்டகையில் கோழிகளின் சத்தம் மட்டும்.

கதவு திறந்தே கிடந்தது. எட்டிப் பார்த்தாள்.

ஹாலின் நடுவே பாயில், அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் முதுகு நிமிர உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கைகள் மடியில். அசைவே இல்லை.

பிணத்தை உட்கார வைத்திருக்கிறார்கள்!

மெஹராஜ் ஒரு அடி பின்வாங்கினாள்.

பிணம் கண்ணைத் திறந்தது.

"யாருங்க அம்மணி? உள்ள வாங்க."

மெஹராஜ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயந்துபோட்டீங்களா? புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க. குடிக்கறதுக்கு முன்னால கண்ணை மூடி இருவது தடவை மூச்சை இழுத்து விடோணுமாம். பதினாறு ஆச்சு. பரவால்லீங்க, நீங்க உக்காருங்க."

அவர் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்தார். பால். மேலே பழுப்பு நிறத்தில் பொடி மிதந்தது.

டம்ளர் உதட்டை நெருங்கியது.

மெஹராஜ் பாய்ந்தாள். தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் சுவரில் மோதி உருண்டது. பால் பாயெல்லாம் சிதறியது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" உள்ளேயிருந்து ஓடி வந்தாள் ஒரு இளம்பெண். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "நீங்க... பீளமேடு மெஹராஜ் அக்காதானுங்களே? நான் கனிஷ்கா. இவரு மருமக. புஸ்தகமும் பொடியும் உங்க கடையிலதான் வாங்கினேன்."

"இவரு பாலுசாமி ஐயாவா?"

"ஆமாங்க."

"இவரு செத்துப்போயிட்டாருன்னு எனக்குப் போன் வந்துச்சு."

கனிஷ்கா மாமனாரைப் பார்த்தாள்.

"எப்ப வந்துச்சுங்க?" பாலுசாமி மெதுவாகக் கேட்டார்.

"பதினொன்னே காலுக்கு."

"தினமும் பதினோரு மணிக்குக் குடிக்கறவன்ங்க நான். இன்னிக்குக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட ஆள் வந்துட்டாங்க. அதான் லேட்டு."

"பொடியைக் கலக்கினது யாருங்க?"

"நானேதான். சொந்தக் கையால கலக்கோணும்னு அதே புஸ்தகத்துல இருக்குது."

மெஹராஜ் டப்பாவை வாங்கித் திறந்தாள். அவளுடைய லேபிள்தான். ஏலக்காய் வாசம் லேசாக வந்தது. அதற்கு அடியில்... மூக்கைக் குத்தும் பூச்சிமருந்து நெடி.

"இந்த நெடி உங்களுக்குத் தெரியலீங்களா ஐயா?"

"கொரோனா வந்து போனதுல இருந்து எனக்கு மூக்கு வேலை செய்யறதில்லீங்க அம்மணி." அவர் குரல் இறங்கியது. "ஊட்டு ஆளுங்களுக்குத்தான் அது தெரியும். போன்ல பேசினது யாருன்னு சொன்னான்?"

மெஹராஜ் டப்பாவை மூடினாள். "உங்க பையன்னு... அருண்குமார்னு சொன்னாருங்க."

கனிஷ்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவனின் நம்பரை அழுத்தினாள். ஸ்விட்ச் ஆஃப்.

பெரியவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என் மச்சினன் கந்தப்பனைக் கூப்பிடு கண்ணு. அவன் பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

"யாரையும் கூப்பிடாதீங்க ஐயா," என்றாள் மெஹராஜ். "போலீசைத் தவிர யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

அரை மணியில் மஃப்டியில் இன்ஸ்பெக்டர் வந்தார். டப்பாவை முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் வந்த நம்பரைப் பார்த்தார்.

"இந்த சிம் யாரு பேர்லன்னு கண்டுபிடிக்க நேரமாகும். அதுக்குள்ள ஆள் உஷாராயிருவான். நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கம்மா."

"நானா? என்னால முடியாதுங்க சார்."

"பயந்த மாதிரி பேசணும். அவ்வளவுதான்."

அதற்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. மெஹராஜ் ஸ்பீக்கரைப் போட்டு அழுத்தினாள்.

"எரிச்சாச்சுங்களா?" அதே துணிக் குரல்.

"ஆச்சுங்க. இப்ப... இப்ப பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். ஐயா செத்துப்போயிட்டாருன்னு இங்க எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு.

"அப்ப... போயிட்டாருங்களா?"

காலையில் சாவுச் செய்தி சொன்னவனே இப்போது கேட்டான்.

லைன் கட்டானது. கனிஷ்காவின் கண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. துணிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் யாருடையதாகவும் இருக்கலாம். அவள் கணவனுடையதாகவும் இருக்கலாம்.

"ஐயா செத்ததா நாம சொன்னது இந்த ஒரு போனுக்கு மட்டும்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்ப துக்கம் கேட்டு வர்றவன் எவனோ, அவன்தான். காத்திருப்போம்."

காத்திருந்தார்கள்.

ஒன்றரை மணிக்குக் கார் ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது.

இறங்கியவன் அருண்குமார். கையில் செய்தித்தாள் சுற்றிய நீளமான பொட்டலம்.

பாலுசாமி கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை மூச்சை எண்ணவில்லை. மெஹராஜ் அவருக்கு முன்னால் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

அருண்குமார் உள்ளே வந்தான். எல்லோரையும் பார்த்தான்.

"என்ன எல்லாரும் இப்படி நிக்கறீங்க? போன்ல சார்ஜ் இல்ல கனி. அப்பா, வாழையிலை கேட்டீங்கல்ல... இந்தாங்க."

பொட்டலத்தைப் பிரித்தான். வாழையிலைதான்.

கனிஷ்கா அழுதுகொண்டே சிரித்தாள். பாலுசாமி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "என்னப்பா?" என்று அவன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்வதற்குள்...

வாசலில் ஒரு கதறல்.

"மாமா... எங்களைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா..."

தோளில் துண்டு. கையில் ஆள் உயர ரோஜா மாலை. மார்பில் அடித்துக்கொண்டே படியேறினான் ஒருவன்.

"சின்ன மாமா..." என்றாள் கனிஷ்கா.

கந்தப்பன்!

உள்ளே வந்தவன் பாயைப் பார்த்தான். பாயில் உட்கார்ந்திருந்தவர் அவனைப் பார்த்தார்.

கந்தப்பனின் கதறல் பாதியில் நின்றது.

"வா கந்தப்பா. நான் செத்துப்போனேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஊரே... ஊரே பேசிக்குதுங்க மாமா."

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டினார். மெஹராஜ் காலையில் வந்த நம்பரை அழுத்தினாள்.

கந்தப்பனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவன் திரும்பி ஓடப் பார்த்தான். மறைந்திருந்த இரண்டு போலீஸ்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

"நோயில செத்த கோழிகளை நீ ஓட்டலுங்களுக்குப் போடறதைப் புகார் பண்ணுவேன்னு போன வாரம் சொன்னேன்," என்றார் பாலுசாமி. "திருந்துவேன்னு நெனச்சேன். நேத்து நீயா வந்து, இந்த டப்பா இருந்த சமையல்கட்டுல நீயா காபி போட்டுக் குடிச்சுட்டுப் போனப்பகூட எனக்கு உறைக்கல. பழியைப் போட ஒரு பொம்பளையையும், என் பையன் பேரையும் தேடிப் புடிச்சிருக்கற."

கந்தப்பன் தலையைத் தொங்கப் போட்டான். மாலை மட்டும் இன்னும் கையிலேயே இருந்தது. எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைத் தொட்டார்.

பாலுசாமி மாலையை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல எடுப்பா இருக்குது கந்தப்பா. நீயே போட்டுக்க... ஸ்டேஷன்ல போட்டோ எடுப்பாங்கல்ல."