லண்டனுக்கு ஒரு மெயில்

போன் அடித்தது.

காலை ஆறே முக்கால். சதுரங்கப்பட்டினம் போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பிரபா ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், ஏட்டு செல்வராஜ். டச்சுக் கோட்டைக்குப் பின்னால, கடலோரம் ஒரு பாடி கீது. வலைக்குப் போனவங்க பாத்துட்டு ஓடியாந்து சொன்னாங்க."

கொட்டி வைத்த கருங்கற்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்மண்டை கல்லில் மோதிப் பிளந்திருந்தது.

கால் வழுக்கி விழுந்தவன் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால்...

சட்டைக் காலர் கிழிந்திருந்தது.

தாமோதரன். நாவலூரில் சாப்ட்வேர் வேலை. கொரோனா வந்ததிலிருந்து வீட்டிலேயே ஆபீஸ். மனைவி வசுமதிக்கு கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் உத்தியோகம்; அவளுடைய குவார்ட்டர்ஸில்தான் இருவரும் குடியிருந்தார்கள்.

வசுமதி அழவில்லை. கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். ஐரோப்பிய யூனியனோடு பிரிட்டனுக்கு இருந்த வியாபார உறவு இந்த டிசம்பரோடு அறுகிறது. புது ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. முடியாமலே போனால் துறைமுகத்தில் லாரிகளைச் சோதித்து அனுப்ப ஒரு ப்ரோக்ராம். அதை லண்டனுக்காக எழுதியது தாமோதரனின் டீம். அதில் ஒரு குறை இருந்தது. மருந்து லாரிகளும் மற்ற லாரிகளோடு நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்!

"மூணு நாளா தூங்கல மேடம். 'நிக்கிற லாரில இன்சுலின் இருந்தா என்ன பண்றது வசு'ன்னு கேட்டுட்டே இருந்தார்."

"வேற யார்கிட்ட சொன்னார்?"

"ராகவன்கிட்ட. டீம் லீடர். பத்து வருஷ சிநேகிதம்."

பிரபா ராகவனுக்கு போன் செய்தாள். தாமோதரன் இறந்துவிட்டான், ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்றாள். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் வந்தான். ஒரு வாரமாக நாவலூரைத் தாண்டவில்லை என்றான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அது நடிப்பில்லை என்று பிரபாவுக்குத் தெரிந்தது.

"பாசிக் கல்லுல நடக்காதடான்னு எத்தன தடவ சொல்லிருப்பேன் மேடம்..."

பிரபா பேனாவைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கல்லு சார்? செத்துட்டார்னுதான் சொன்னேன். எங்கன்னு சொல்லலியே?"



பிறகு எல்லாம் கொட்டியது. ப்ரோக்ராமில் குறையில்லை என்று லண்டனுக்கு எழுதிக் கொடுத்தவன் ராகவன். உண்மை தெரிந்தால் கான்ட்ராக்ட் போய்விடும். பதினேழு பேர் வீட்டுக்குப் போக வேண்டும். விடியலில் காரெடுத்துக்கொண்டு, கோட்டைப் பக்கம் நடக்கப் போகும் தாமோதரனிடம் கெஞ்ச வந்திருந்தான்.

"'மெயில் அனுப்பிட்டேன்டா'ன்னு சிரிச்சான் மேடம். அந்தச் சிரிப்ப என்னால தாங்க முடியல. காலரப் புடிச்சு உலுக்கினேன்... வழுக்கிட்டான். இழுத்துப் புடிக்கப் பாத்தேன். துணிதான் கிழிஞ்சுது."

சாயங்காலம் வசுமதி லேப்டாப்போடு வந்தாள். அதிகாலை நாலு ஐம்பதுக்குப் போன மெயில் திறந்திருந்தது. பிரபா ஒரு முறைக்கு இரு முறை படித்தாள். பிறகு லேப்டாப்பை ராகவன் பக்கம் திருப்பினாள்.

'ப்ரோக்ராமில் இருந்த குறையை ராகவனே கண்டுபிடித்தார். அவரே சரியும் செய்துவிட்டார். திருத்தியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தாமோதரன்.'

மூன்று ராத்திரி கண்விழித்துத் திருத்தியவன் தாமோதரன்!

ராகவன் திரையில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சிரிச்சார்னு சொன்னீங்களாமே..." வசுமதியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "எதுக்குடா சிரிக்கிறேன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"



இரவு எட்டேகால். ஸ்டேஷன் டி.வி.யில் செய்தி ஓடியது. கடைசி நேரத்தில் பிரிட்டனும் ஐரோப்பிய யூனியனும் ஒப்பந்தம் முடித்துக்கொண்டன. நாலரை வருட இழுபறி தீர்ந்தது.

ஒப்பந்தம் முடியாமல் போனால் மட்டும் ஓடவேண்டிய ப்ரோக்ராம். இனி அதில் ஒரு வரிகூட யாருக்கும் வேண்டாம்.

செல்வராஜ் சத்தத்தைக் குறைத்தார். லாக்கப்பைப் பூட்டிவிட்டு வந்தார்.

"அங்க சண்ட போட்டவனுங்க கை குலுக்கிக்கினானுங்க மேடம். இங்க வேடிக்க பாத்தவன் ஜெயிலுக்குப் போறான்."